வீட்டை விட்டுக் கிளம்பும் முன் ஒரு படம் போடுங்க: அலைச்சலைக் குறைக்கும் மைண்ட் மேப்

மின்வாரிய அலுவலகத்தில் முக்கால் மணி நேரம் காத்திருந்து, உங்கள் முறை வந்ததும், "வாரிசு சான்று எங்கம்மா?" என்று கேட்கிறார்கள். வாரிசு சான்றுக்கு விண்ணப்பிக்க இ-சேவை மையம் போனால், இறப்புச் சான்றில் பெயர் ஒரு மாதிரி, ஆதாரில் இன்னொரு மாதிரி. அதைத் திருத்தக் கிளம்பினால், பிறப்பு இறப்புப் பதிவாளர் வேறு ஒரு ஆவணத்தைக் கேட்கிறார். மூணு நாள் சம்பளம் போச்சு, பஸ் செலவு தனி. கடைசியில் எந்த வேலையும் முடியவில்லை.

இதில் தப்பு யார் மேல் என்று பேசினால் பேசிக்கொண்டே போகலாம். ஒவ்வொரு கவுன்ட்டருக்கும் அதன் வேலை மட்டும்தான் தெரியும். பத்து கவுன்ட்டரும் ஒன்றோடொன்று எப்படிக் கோத்திருக்கிறது என்ற முழுப் படம் யார் கையிலும் இல்லை. அந்தப் படத்தை நீங்களே, கிளம்புவதற்கு முந்தைய நாள் ராத்திரி, ஒரு வெள்ளைத் தாளில் போட முடியும் என்பதுதான் இந்தக் கட்டுரையின் விஷயம். அதற்குப் பெயர் மைண்ட் மேப். வீட்டில் அரசுப் பள்ளியில் படித்த பிள்ளைகள் இருந்தால் கேட்டுப் பாருங்க, "மனவரைபடம்தானே, கிளாஸ்ல போட்டிருக்கோமே" என்பார்கள்.

நடுவில் ஒரு வட்டம் போட்டு, அதில் விஷயத்தை எழுத வேண்டும். அதிலிருந்து மரக்கிளை மாதிரி கோடுகள். ஒவ்வொரு கிளையிலும் ஒன்றிரண்டு வார்த்தைதான். கிளையிலிருந்து சின்னக் கிளைகள். இதில் விதி என்று பெரிதாக எதுவும் இல்லை. ஆனால் எந்த வேலைக்குப் போடுகிறோம் என்பதைப் பொறுத்து இது வெறும் அலங்காரமாகவும் ஆகலாம், மாதக்கணக்கில் அலைச்சலை மிச்சமும் பண்ணலாம். அதனால் பொதுவாகப் பேசாமல் ஒரே ஒரு வேலையை எடுத்துக்கொள்வோம். கொஞ்சம் கனமான வேலைதான், ஆனால் எல்லா வீட்டுக்கும் ஒருநாள் வருவது: குடும்பத் தலைவர் இறந்த பிறகு செய்ய வேண்டிய பேப்பர் வேலைகள்.

நடுவில் அப்பா

இப்படி வைத்துக்கொள்வோம். அப்பா தவறிவிட்டார். ஊரில் அவர் பெயரில் ஒரு வீடு, நாற்பது சென்ட் நிலம். ஒரு பைக். இரண்டு பேங்க் கணக்கு, ஒரு எல்.ஐ.சி. பாலிசி. மின் இணைப்பு, கேஸ் இணைப்பு அவர் பெயரில். அம்மா வீட்டில் இருக்கிறார். அக்கா கல்யாணமாகி ஓசூரில், தம்பி திருப்பூரில். பாட்டி, அதாவது அப்பாவின் அம்மா, சித்தப்பா வீட்டில் இருக்கிறார். காரியம் முடிந்து உறவுக்காரர்கள் கிளம்பிய பிறகு எல்லோரும் உங்கள் முகத்தைப் பார்க்கிறார்கள்.

இந்த நிலையில் நாம் வழக்கமாகச் செய்வது ஒரு லிஸ்ட் போடுவது. ஒன்று, இறப்புச் சான்று. இரண்டு, பேங்க். மூன்று, பட்டா. இப்படிப் பதினைந்து வரி. லிஸ்ட் தப்பில்லை. ஆனால் லிஸ்டில் எல்லா வரியும் ஒரே உயரத்தில் நிற்கும். மூன்றாவதை முடிக்காமல் ஏழாவதைத் தொட முடியாது என்பதை லிஸ்ட் சொல்லாது. ஐந்தாவதுக்கு மூன்றாவது தேவையே இல்லை, இன்றைக்கே செய்யலாம் என்பதையும் சொல்லாது. இந்த இரண்டாவது விஷயம்தான் பல குடும்பங்களுக்குப் பணக் கஷ்டத்தைக் கொண்டு வருகிறது. ஏன் என்று கீழே பார்ப்போம்.

ஒரு ஏ-4 தாளைப் படுக்கை வாட்டில் வையுங்க. நடுவில் "அப்பா" என்று எழுதி வட்டம் போடுங்க. முதல் சுற்றில் ஒழுங்கு எதுவும் பார்க்காதீங்க. மனசில் வருவதைக் கிளையாக இழுத்துக்கொண்டே போங்க: ஆட்கள், நிலம்-வீடு, பணம், இணைப்புகள், வண்டி, போன், அம்மாவுக்கு வர வேண்டியது. முடிந்தால் அம்மாவையும் பக்கத்தில் உட்கார வைத்துக்கொள்ளுங்க. "அந்தப் பச்சைப் பெட்டியில ஏதோ பாஸ்புக் இருந்துச்சே" என்பது மாதிரியான தகவல் படம் போடும்போதுதான் வரும்.

"ஆட்கள்" என்ற கிளை சும்மா பெயர் எழுதத்தானே என்று தோன்றும். ஆனால் அதிகம் கோட்டை விடுவது இங்கேதான். அம்மா, நீங்கள், தம்பி என்று மூன்று கோடு போட்டு நிறுத்திவிடுவோம். அக்கா? "அவளுக்குத்தான் கல்யாணம் ஆயிடுச்சே." கல்யாணம் ஆனாலும் மகள் மகள்தான், வாரிசுதான். பாட்டி? உயில் எழுதாமல் ஓர் இந்து ஆண் இறந்தால், 1956ஆம் ஆண்டு இந்து வாரிசுரிமைச் சட்டப்படி மனைவி, மகன், மகளோடு அவருடைய அம்மாவும் முதல் வகுப்பு வாரிசு. பாட்டி யார் வீட்டில் இருந்தாலும் அது மாறாது. மற்ற மதத்தவர்களுக்கு அவரவர் சட்டம் பொருந்தும். ஒரு பெயர் விட்டுப்போன வாரிசு சான்று விண்ணப்பம் வி.ஏ.ஓ. விசாரணையிலேயே நின்றுவிடலாம். நிற்காமல் போய்விட்டால் அதைவிட மோசம், பின்னால் நிலம் விற்கும்போது அது வழக்காக வந்து நிற்கும். படத்தில் அப்பாவிலிருந்து கீழே மட்டும் கோடு போடாமல் மேலேயும் ஒரு கோடு போட்டுப் பாருங்க. பாட்டி தானாக ஞாபகம் வருவார்.

"பணம்" கிளைக்குக் கொஞ்சம் துப்பறியும் புத்தி வேணும். பாஸ்புக்கை எடுத்து, கடந்த ஒன்றிரண்டு வருஷப் பிடித்தங்களைப் பாருங்க. மே கடைசி அல்லது ஜூன் மாத வாக்கில் 436 ரூபாய் பிடித்திருக்கிறதா? அது பிரதமரின் ஜீவன் ஜோதி காப்பீட்டுத் திட்டத்தின் ஆண்டுப் பிரீமியமாக இருக்க வாய்ப்பு அதிகம். எந்தக் காரணத்தால் இறந்தாலும் 2 லட்சம் ரூபாய் நாமினிக்கு வரும் திட்டம் அது. 18 வயதிலிருந்து 50 வயதுக்குள் சேரலாம், 55 வயது வரை பாதுகாப்பு உண்டு. 20 ரூபாய் பிடித்திருந்தால் அது சுரக்ஷா பீமா திட்டமாக இருக்கலாம். விபத்தில் இறந்தால் 2 லட்சம். பேங்க்கில் எப்போதோ ஒரு ஃபாரத்தில் அப்பா கையெழுத்துப் போட்டிருப்பார், வீட்டில் யாருக்கும் தெரியாது. கேட்டால்தான் கிடைக்கும், தானாக வீடு தேடி வராது. அதே கிளையில் "பி.எஃப்." என்று ஒரு சின்னக் கோடும் போடுங்க. அப்பா கம்பெனியில் வேலையில் இருக்கும்போதே இறந்திருந்தால், பி.எஃப். தொகையைத் தவிர அதோடு சேர்ந்த காப்பீட்டில் அதிகபட்சம் 7 லட்சம் வரை கிடைக்க வழி உண்டு. கட்டுமானம், தையல், ஆட்டோ என்று அமைப்புசாரா வேலை செய்தவர் என்றால் "நல வாரிய அட்டை" என்று இன்னொரு கோடு. அட்டை இருந்து, பதிவும் நடப்பில் இருந்தால் அங்கேயும் கேட்க வேண்டியது இருக்கிறது.

இணைப்புகள், வண்டி இவையெல்லாம் எழுதினாலே போதும். பெரிய ரகசியம் ஒன்றும் இல்லை.

ஆனால் "போன்" கிளையை யாரும் போடுவதில்லை. படத்தில் போட்டுப் பார்த்தால்தான் அது எத்தனை கிளைகளைத் தொடுகிறது என்று தெரியும். ரேஷன் ஸ்மார்ட் கார்டில் பதிவான எண், கேஸ் புக்கிங் எண், பேங்க்கில் இருந்து எஸ்.எம்.எஸ். வரும் எண், மின் கட்டணத் தகவல் வரும் எண், எல்லாம் அப்பாவின் அந்த ஒரே நம்பராக இருக்கும். "இனி இது எதுக்கு" என்று ரீசார்ஜ் பண்ணாமல் விட்டால், நம்பர் கொஞ்ச மாதத்தில் கைவிட்டுப் போகும். அப்புறம் ரேஷன் கார்டில் பெயர் நீக்க ஆன்லைனில் போனால் ஓ.டி.பி. எங்கேயோ போகும். வேலைகள் முடிந்து, ஒவ்வொரு இடத்திலும் எண்ணை மாற்றும் வரை அந்த சிம்மை உயிரோடு வைத்திருங்க. அதற்காக அப்பாவின் ஜிபே, ஏ.டி.எம். கார்டு வைத்துப் பணம் எடுக்கக் கூடாது. அது சட்டப்படி சரியில்லை. அண்ணன் தம்பிக்குள் சண்டை ஆரம்பிக்கும் இடமும் பெரும்பாலும் அதுதான்.

அம்பு போட்டால்தான் வழி தெரியும்

முதல் சுற்று முடிந்ததும் நிறையப் பேர் படத்தை மடித்து வைத்துவிடுகிறார்கள். அது பாதி வேலைதான். இரண்டாவது சுற்றில் வேறு கலர் பேனா எடுத்து, எந்த பேப்பர் எந்த வேலைக்கு வேண்டுமோ அதற்கு ஓர் அம்பு போடுங்க.

இறப்புச் சான்றிலிருந்து அநேகமாக எல்லாக் கிளைக்கும் அம்பு போகும். அதனால் அதை நடு வட்டத்துக்குப் பக்கத்தில் பெரிதாக எழுதுங்க. இறப்பை 21 நாளுக்குள் பதிவு செய்தால் கட்டணம் இல்லை. தாண்டினால் தாமதக் கட்டணம், ஒரு மாதம் தாண்டினால் மேலிட அனுமதி, ஒரு வருஷம் தாண்டினால் கோட்டாட்சியர் அளவில் உத்தரவு என்று கடினமாகிக்கொண்டே போகும். ஆஸ்பத்திரியில் இறந்தால் அவர்களே தகவல் கொடுப்பார்கள். வீட்டில் இறந்தால் குடும்பத்தினர்தான் சொல்ல வேண்டும். கிராம ஊராட்சியில் வி.ஏ.ஓ.தான் பதிவாளர். சான்றிதழை ஆன்லைனிலேயே இறக்கிக்கொள்ளலாம்.

அடுத்தது வாரிசு சான்று. இ-சேவை மையத்திலோ, ஆன்லைனில் நீங்களேயோ விண்ணப்பிக்கலாம். வி.ஏ.ஓ., ஆர்.ஐ. விசாரணை முடிந்து தாசில்தார் வழங்குவார். இதிலிருந்து போகும் அம்புகளைக் கவனமாகப் போடுங்க. பட்டா மாறுதலுக்கு ஓர் அம்பு. மின் இணைப்புப் பெயர் மாற்றத்துக்கு ஓர் அம்பு. பைக்குக்கு ஓர் அம்பு. நாமினி இல்லாத பேங்க் கணக்குக்கு ஓர் அம்பு. பேங்க்கில் பெரிய தொகை என்றால், இது போதாது, நீதிமன்றம் தரும் வாரிசுரிமைச் சான்று வேண்டும் என்று சொல்லக்கூடும். பெயர் கிட்டத்தட்ட ஒன்றாக இருந்தாலும் இரண்டும் வேறு வேறு. படத்தில் தனித்தனியாக எழுதி வையுங்க.

இப்போ அம்பு போகாத கிளைகளைப் பாருங்க. அம்மா நாமினியாக இருக்கும் பேங்க் கணக்கு, எல்.ஐ.சி. பாலிசி, அந்த 436 ரூபாய்க் காப்பீடு. இவற்றுக்கு இறப்புச் சான்றும், நாமினியின் அடையாளமும், கணக்கு விவரமும், அவர்கள் தரும் கோரிக்கைப் படிவமும்தான் அடிப்படை. வாரிசு சான்றுக்காகக் காத்திருக்க வேண்டியதில்லை. நாமினி இருக்கும் கணக்குக்கு வாரிசுரிமைச் சான்று கேட்டு இழுத்தடிக்கக் கூடாது என்றும், தேவையான ஆவணங்கள் கொடுத்த 15 நாளுக்குள் முடிக்க வேண்டும் என்றும் பேங்க்குகளுக்கு ரிசர்வ் வங்கியின் அறிவுறுத்தல் இருக்கிறது. ஒன்று மட்டும் ஞாபகம் இருக்கட்டும்: பேங்க் கணக்கில் நாமினி என்பவர் பணத்தை வாங்கிக்கொள்ளும் உரிமை உள்ளவர். மற்ற வாரிசுகளின் பங்கு அதனால் போய்விடாது.

ரேஷன் கார்டில் அப்பா பெயரை நீக்குவது, குடும்பத் தலைவர் பெயரை மாற்றுவது ஆகியவையும் இதே மாதிரி இறப்புச் சான்று கையில் வந்ததுமே ஆரம்பிக்கலாம்.

லிஸ்ட் போட்டவர்கள் இந்த இடத்தில்தான் மாட்டிக்கொள்கிறார்கள். "முதல்ல வாரிசு சான்று வரட்டும், அப்புறம் எல்லாத்தையும் பார்க்கலாம்" என்று இருப்பார்கள். அதற்குள் அம்மா கையில் செலவுக்குக் காசு இருக்காது, கடன் வாங்குவார்கள். அவர் பெயரில் வர வேண்டிய இரண்டு லட்சம் ஒரு படிவத் தொலைவில் கிடக்கும். படத்தில் அம்பு போட்டவர் இறப்புச் சான்று வந்த மறுநாளே இரண்டு ரூட்டில் கிளம்புவார். அம்மாவும் தம்பியும் பேங்க்குக்கு, நீங்கள் இ-சேவை மையத்துக்கு.

நிலத்துக்குக் கிளையிலிருந்து கிளை பிரியும். எல்லா வாரிசும் சேர்ந்து வைத்துக்கொள்ளலாம் என்றால் கூட்டுப் பட்டா. ஒருவர் பெயருக்கே வேண்டும் என்றால், மற்றவர்கள் சார்பதிவாளர் அலுவலகத்தில் விடுதலைப் பத்திரம் எழுதித் தர வேண்டும். பிரித்துக்கொள்வதென்றால் பாகப்பிரிவினைப் பத்திரம், உட்பிரிவு, சர்வேயர் என்று நீளும். எந்த வழி என்பதைக் குடும்பம் முடிவு பண்ணாமல் தாலுகா ஆபீஸ் வாசலில் நின்று பயனில்லை. படத்தில் அந்தப் பிரிவுக்குப் பக்கத்தில் ஒரு கேள்விக்குறி போட்டு, "அக்கா வந்ததும் பேசணும்" என்று எழுதுங்க. எல்லாமே ஆபீஸ் வேலை இல்லை. சில முடிச்சு வீட்டிலேயே இருக்கிறது என்பதைப் படம் காட்டிக் கொடுக்கும்.

பைக்குக்கு நாள் கணக்கு உண்டு. உரிமையாளர் இறந்த 30 நாளுக்குள் ஆர்.டி.ஓ. அலுவலகத்துக்குத் தகவல் சொல்ல வேண்டும், மூன்று மாதத்துக்குள் பெயர் மாற்ற விண்ணப்பிக்க வேண்டும். நாள் கெடு இருக்கும் கிளைகளுக்கு மட்டும் சிவப்பில் தேதி எழுதுங்க. எல்லாவற்றுக்கும் சிவப்பு அடித்தால் எதுவும் கண்ணில் படாது.

பெயரை அப்படியே எழுதுங்க

மூன்றாவது சுற்று ஐந்து நிமிஷ வேலை. ஆனால் எனக்குப் பிடித்தது இதுதான். ஒவ்வொரு கிளையின் முனையிலும், அந்த ஆவணத்தில் அப்பாவின் பெயர் எப்படி அச்சாகியிருக்கிறதோ, எழுத்துக்கு எழுத்து அப்படியே எழுதுங்க. ஆதாரில் "கோவிந்தசாமி". பட்டாவில் "கோவிந்தசாமி கவுண்டர்". எல்.ஐ.சி.யில் ஆங்கிலத்தில் ஓர் "எச்" கூடுதல். பேங்க்கில் இனிஷியல் முன்னாடி, வாக்காளர் அட்டையில் பின்னாடி. ஒரே தாளில் எல்லாம் வட்டமாக உட்காரும்போது எது ஒற்றை ஆளாக விலகி நிற்கிறது என்று ஒரு பார்வையில் தெரிந்துவிடும்.

முக்கியமாக இறப்புச் சான்றில் என்ன பெயர் போகிறது என்று பாருங்க. அவசரத்தில் ஆஸ்பத்திரியில் சேர்க்கும்போது, கூடப் போன பக்கத்து வீட்டுப் பையன் வாய்க்கு வந்தபடி சொன்ன பெயர்தான் ரிஜிஸ்டரில் ஏறியிருக்கும். அது அப்படியே பதிவுக்கும் போகலாம். பதிவுக்குப் போகும் முன்பே ஆதார் நகலைக் கொடுத்துச் சரிபார்த்துவிட்டால் ஒரு போன் காலில் முடியும். சான்று வந்த பிறகு என்றால் திருத்தத்துக்குத் தனி விண்ணப்பம், தனி ஆவணம். அம்மா பெயரையும் சேர்த்தே பாருங்க. "லட்சுமி" ஓர் இடத்தில் "இலட்சுமி" ஆகியிருந்தாலும் கேள்வி வரும்.

கடைசியாக, ஒவ்வொரு கிளைக்கும் யார் பொறுப்பு என்று ஓர் எழுத்துப் போடுங்க. "அ" என்றால் அக்கா, "த" என்றால் தம்பி. ஓசூரில் இருந்தே அக்கா பி.எஃப். வேலையை ஆன்லைனில் பார்க்கலாம். எல்லாக் கிளையிலும் உங்கள் பெயரே இருந்தால், அதையும் படம் எல்லோருக்கும் காட்டும். வாயால் சொல்லிச் சண்டை வருவதைவிட அது நல்லது.

இது எங்கிருந்து வந்தது

கிளை கிளையாக வரைந்து யோசிப்பது ரொம்பப் பழைய பழக்கம். குடும்ப மரம் எத்தனை தலைமுறையாக வரைகிறார்கள்! ஆனால் மைண்ட் மேப் என்ற பெயரை உலகம் முழுக்கப் பரப்பியவர் டோனி பூசான் என்ற பிரிட்டிஷ்காரர். 1974ல் பி.பி.சி. தொலைக்காட்சியில் அவர் நடத்திய தொடர் வழியாக இது பிரபலமானது. மூளைக்கு இது அப்படிச் செய்யும், இப்படிச் செய்யும் என்று அவரும் அவர் வழி வந்தவர்களும் சொன்னதையெல்லாம் அப்படியே எடுத்துக்கொள்ளத் தேவையில்லை. லண்டனில் மருத்துவ மாணவர்களை வைத்து நடத்தி 2002ல் வெளியான ஓர் ஆய்வில், மைண்ட் மேப் போட்டுப் படித்தவர்களுக்கு ஒரு வாரம் கழித்து ஞாபகம் கொஞ்சம் கூடுதலாக இருந்தது. ஆனால் தங்கள் வழக்கமான முறையில் படித்தவர்கள் அளவுக்கு அவர்களுக்கு ஆர்வம் இல்லை. நடைமுறை அனுபவமும் கிட்டத்தட்ட அப்படித்தான்: உதவும், மந்திரம் இல்லை.

பேப்பர் வேலைக்கு நம்மைக் கூடுதலாகக் காப்பாற்றுவது ஓர் அமெரிக்கரின் யோசனை. அதே 1970களில் கார்னெல் பல்கலைக்கழகத்தில் ஜோசப் நோவாக், பள்ளிப் பிள்ளைகள் அறிவியலை எப்படிப் புரிந்துகொள்கிறார்கள் என்று பார்ப்பதற்காக ஒரு வகைப் படத்தை உருவாக்கினார். அதில் கோட்டின் மேலேயே "இதனால்", "இதற்குத் தேவை" என்று எழுதுவார்கள். ஒரு கிளையிலிருந்து தூரத்தில் இருக்கும் இன்னொரு கிளைக்கும் கோடு போகலாம். நாம் மேலே போட்ட அம்புகள் அந்த வகை. பூசானின் கிளையும் நோவாக்கின் அம்பும் சேர்ந்ததுதான் நம் படம். இரண்டு பேரும் பார்த்தால் ஒப்புக்கொள்வார்களா தெரியாது, ஆனால் தாலுகா ஆபீஸுக்கு இதுதான் சரி.

போனிலா, பேப்பரிலா?

போனில் போட வேண்டும் என்றால் எக்ஸ்மைண்ட், சிம்பிள்மைண்ட் மாதிரி ஆப்கள் இருக்கின்றன. கேன்வாவிலும் மைண்ட் மேப் வடிவங்கள் கிடைக்கும். தமிழில் டைப் செய்யலாம். கிளையைப் பிடித்து இழுத்து இடம் மாற்றுவது இதில் சுலபம். ஆனால் முதல் படத்தை பேப்பரில் போடுங்கள் என்பது என் கட்சி. ஆறு அங்குலத் திரையில் அம்மாவும் பாட்டியும் சேர்ந்து குனிந்து பார்க்க முடியாது. தரையில் விரித்த தாளில் எல்லோரும் கை வைக்கலாம். பேப்பரில் முடித்து, போட்டோ எடுத்து, குடும்ப வாட்ஸ்அப் குரூப்பில் போட்டுவிட்டால் போதும். ஒரு வேலை முடிந்தால் பச்சை டிக் அடித்து மறுபடி ஒரு போட்டோ.

குரூப்பில் போகப் போகிற படம் என்பதால் ஒரு எச்சரிக்கை. ஆதார் எண், பேங்க் கணக்கு எண், பாலிசி எண், பின் நம்பர் எதையும் படத்தில் எழுத வேண்டாம். "ஆதார், பீரோ இரண்டாவது தட்டு" என்று இருக்கும் இடத்தை மட்டும் எழுதுங்க. உங்கள் சொந்த ஆவணங்களை டிஜிலாக்கரில் வைத்துக்கொள்வது நல்லது. அப்பாவின் அசல் ஆவணங்களை ஒரு ஃபைலில் போட்டு, ஒரே ஆள் பொறுப்பில் விடுங்க. எந்த அசல் எந்த ஆபீஸில் கொடுத்திருக்கிறோம் என்பதையும் அந்தந்தக் கிளையில் தேதியோடு குறித்துக்கொள்ளுங்க. விண்ணப்பித்ததும் வரும் ஒப்புகை எண்ணையும் கிளையில் எழுதலாம். நிலவரத்தை அதை வைத்துத்தான் போனிலேயே பார்க்க முடியும்.

எல்லாவற்றுக்கும் படம் போடத் தேவையில்லை என்பதையும் சொல்லிவிட வேண்டும். வருமானச் சான்று மாதிரி ஒரு விண்ணப்பம், இரண்டு இணைப்பு என்று முடிகிற வேலைக்கு மைண்ட் மேப் போட்டு உட்கார்ந்தால், அந்த நேரத்தில் விண்ணப்பமே போட்டிருக்கலாம். மூன்று அலுவலகத்துக்கு மேல் போகிறது, ஒன்றுக்கு மேற்பட்ட ஆட்கள் சம்பந்தப்படுகிறார்கள் என்றால் படம் போடுங்க. வீடு கட்டுவது, சின்னதாக உணவுத் தொழில் தொடங்குவது, வெளிநாடு போகும் பிள்ளைக்கு ஆவணம் தயார் செய்வது, இவையெல்லாம் அந்த ரகம். போட்டித் தேர்வுக்குப் படிப்பவர்கள் பாடத்திட்டத்தையே இப்படிப் போட்டுச் சுவரில் ஒட்டுகிறார்கள். அதற்கு அம்பு அவ்வளவாகத் தேவைப்படாது, கிளையே போதும்.

அப்பாவிடமே கேட்டுவிடலாம்

இதுவரை பார்த்த படத்தை, ஆள் போன பிறகுதான் போட வேண்டும் என்று எந்தக் கட்டாயமும் இல்லை. அப்பாவோ அம்மாவோ நல்லா இருக்கும்போதே, ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் டீ குடிக்கிற நேரத்தில், அவர்களிடமே கேட்டுப் போட்டால் இதே படம் கால் மணி நேரத்தில் முடியும். "எதுக்குடா இப்ப இதெல்லாம்" என்று முதலில் கேட்பார்கள். சாவைப் பற்றிப் பேசாதீங்க. "உங்க பேப்பர் எல்லாம் எங்க இருக்குன்னு எனக்குத் தெரியலைப்பா, நாளைக்கு ஏதாவது அவசரம்னா நான் எங்க தேடுவேன்?" என்று ஆரம்பியுங்க. பெரும்பாலான அப்பாக்கள் அதற்கு எழுந்து போய் அந்தப் பெட்டியையே எடுத்து வந்துவிடுவார்கள்.

மூன்று கேள்வி மட்டும் விடாமல் கேளுங்க. எந்தெந்தக் கணக்கில் நாமினி யார்? பல பேருடைய பழைய கணக்கில் நாமினியே இருக்காது. சில பேருக்குக் கல்யாணத்துக்கு முன்னால் போட்ட நாமினி, அதாவது அவர்களுடைய அம்மா, அப்படியே இருப்பார். கணக்கு வைத்திருப்பவர் உயிரோடு இருக்கும்போது இதை மாற்ற ஒரு படிவமும் ஒரு கையெழுத்தும்தான் தேவை. இரண்டாவது, பாஸ்புக்கில் 436, 20 பிடித்தம் எதற்கு என்று அவருக்குத் தெரியுமா? மூன்றாவது, பட்டா யார் பெயரில் இருக்கிறது? இதற்கு அவர் பதில் சொல்லும் முன் போனை எடுத்து அரசின் பட்டா பார்க்கும் இணையச் சேவையில் மாவட்டம், வட்டம், கிராமம், புல எண் கொடுத்துப் பாருங்க. கட்டணம் இல்லை. எத்தனையோ வீடுகளில் அது இன்னும் தாத்தா பெயரிலேயே இருக்கும். அப்படி இருந்தால் உங்கள் படத்தின் நடு வட்டத்தில் எழுத வேண்டிய பெயர் தாத்தாவுடையது. அவருடைய வாரிசுகள் யார் யார் என்பதை உட்கார்ந்து சொல்லத் தெரிந்தவர் இன்றைக்கு உங்கள் எதிரில் டீ குடித்துக்கொண்டிருக்கிறார். பேனாவை எடுங்க.